யோகம்மாவும் முதல் பாடமும்

தேயிலைத் தோட்டங்களுக்குக் கம்பியூட்டர் பார்க்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: மழை பெய்தாலும் பழி நம் மேல்தான், வெயில் அடித்தாலும் பழி நம் மேல்தான், ஆகையால் வானிலை அறிக்கை கேட்கத் தேவையில்லை.

எங்கள் கம்பனியின் வட்டாரக் காரியாலயம் ஹட்டனில் இருக்கிறது. அதன் ஐ.டி. பிரிவு என்று பெரிதாகச் சொல்வார்கள். அந்தப் பிரிவில் நானும், ஒரு மேசையும், இஸ்திரிப்பெட்டி கனத்தில் ஒரு லெப்டொப்பும் இருக்கிறோம். டிக்கோயாவிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் எந்தத் தோட்டத்தில் பிரிண்டர் முனகினாலும், எந்த மேனேஜர் துரையின் பாஸ்வேர்ட் தொலைந்தாலும் பஸ் ஏறிப் போவது நான்தான். நான் பிறந்து வளர்ந்ததும் தோட்டத் தொழிலாளரின் லய வீட்டில்தான். ஆனால் லெப்டொப் பை தோளில் ஏறிய நாளிலிருந்து எல்லாருக்கும் நான் 'கம்பியூட்டர் மிஸ்'. கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் யாராவது ஒரு ஃபோனை நீட்டி, "இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று உங்களிடம் கேட்டிருந்தால், நீங்களும் என் இனம்தான். இது உங்களுக்காக எழுதுவது.

குடை யாருக்கு

கொழுந்து நிறுக்க எலக்ட்ரோனிக் தராசு வந்த புதிது. பறித்த கொழுந்தைத் தராசில் தொங்கவிட்டால் எடை நேரே கணக்குப்பிள்ளையின் ஃபோனுக்குப் போய்விடும். ஒருவர் நிறுத்து நகர்ந்ததும் தராசு பூச்சியத்துக்குத் திரும்பும், அடுத்தவர் வருவார். மழை நாளில் அது தப்பாகக் காட்டுகிறது என்று ஒரு தோட்டத்திலிருந்து முறைப்பாடு வந்தது. முறைப்பாடு வந்தால் போகத்தானே வேண்டும்? சறுக்கி விழாமல் மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது நான் கண்ட காட்சி இது: நடுவில் தராசு, அதைச் சுற்றி நாலைந்து பெண்கள், அத்தனை பேர் குடையும் தராசின் தலைக்கு மேலே. குடை பிடித்தவர்கள் எல்லாரும் தெப்பமாக நனைந்துகொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தகரக் கூரை போட்டுத் தராமல் மெஷினை மட்டும் அனுப்பிவைத்த எங்கள் காரியாலயத்தின் மேல் வந்த கோபம் அது. அதை அவர்களிடம் காட்டி என்ன பிரயோசனம்? மெஷின் நனைந்தால் கம்பனி திருத்தித் தரும், நீங்கள் ஏன் நனைகிறீர்கள் என்று கேட்டேன். முன்னால் நின்ற அக்கா முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்து எறிந்துவிட்டுச் சொன்னார்: "நாங்க நனைஞ்சா காஞ்சிருவோம் மிஸ், இது நனைஞ்சா எங்க கொழுந்தையில்ல சேத்துத் தின்னுருது."

பஸ்ஸில் வந்த மெயில்

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர், ஒருவர் இருக்கிறார். கறுப்பு ஸ்வெட்டர், மூக்கு நுனியில் கண்ணாடி, எதையும் இரண்டு தரம் உறுதிப்படுத்தும் மனிதர். ஒரு மெயில் அனுப்பினால், அனுப்பிவிட்டதாக ஃபோன் எடுப்பார். நான் கிடைத்தது என்றால், திறந்து பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்வார். பின்னால் வரப்போகும் கதையிலும் இவர்தான், ஆகவே இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

அடை மழைக் காலத்தில் அவர் தோட்டத்தில் இன்டர்நெட் படுத்துவிடும். மாதக் கடைசி அறிக்கை எனக்கு வந்தாக வேண்டும். அவர் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். அறிக்கையை ஒரு பென்டிரைவில் ஏற்றி, பொலித்தீன் பையில் சுற்றி, ஹட்டன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். நான் பஸ் நிலையத்தில் போய் வாங்கிக்கொள்வேன். வளைவு வளைவாக வரும் அந்தப் பஸ், பல நாட்களில் எங்கள் இன்டர்நெட்டை முந்தியிருக்கிறது. கண்டக்டர் சிங்களவர், தமிழை அவருக்குப் பிடித்த மாதிரிப் பேசுவார். ஒரு நாள் கூட்டத்துக்கு நடுவே என்னைக் கண்டுகொண்டு, பொலித்தீன் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி சத்தம் போட்டார்: "மிஸ், மெயில் வந்தது, டிக்கட் எடுக்கல்ல, இந்தத் தடவை பரவாயில்ல."

பிள்ளைக்காம்பராவுக்குப் பாடம்

ஆன்லைன் படிப்பைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. படிக்கிறவர் தூங்கினால் டீச்சருக்குத் தெரியாது, டீச்சர் கொட்டாவி விட்டால் அதை வெட்டி எடுத்துவிடலாம், மற்றபடி இரண்டு பக்கமும் பஸ் காசு மிச்சம். இந்த அபிப்பிராயத்தோடு நான் நிம்மதியாக இருந்த காலத்தில்தான் கம்பனி ஒரு புதிய ஏற்பாடு கொண்டுவந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் பிள்ளைக்காம்பரா. அங்கே பிள்ளை பார்க்கும் ஆயாமார் எல்லாரும் ஓர் ஆன்லைன் பாடநெறியை முடித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். குறித்த மாதக் கடைசிக்குள் முடிக்காதவர்களை மறுபடி மலைக்கு, அதாவது கொழுந்து பறிக்க, அனுப்பிவிட்டு வேறு ஆள் போடுவார்கள்.

பெரிய கிளாக்கரின் தோட்டத்தில் ஆயா, யோகம்மா அக்கா. இருபது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஒரு மழை நாளில் வடிகால் கானுக்குள் சறுக்கி விழுந்து முழங்கால் போனபிறகுதான் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். சமதரையில் நடக்கும்போதே ஒரு காலை இழுத்துத்தான் வைப்பார். டேப்லட்டைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, எப்படித் திறப்பது, எங்கே விரல் வைப்பது என்று காட்டிக்கொடுத்தேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். மாதக் கடைசி விசயத்தையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மடியில் கிடந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: "மலைக்குப் போன்னா போவேன் மிஸ், திரும்பி எறங்கி வரத்தான் ஏலாது."

தூங்கவைக்கும் டீச்சர்

பாடங்களை நடத்தியவர் பவானி டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் குளிருக்குப் பழகிப்போய் இங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் காரியாலயத்தின் பின்னறையில் ஒரு கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டு நான்தான் ஒளிப்பதிவு செய்தேன். கீழே மரக்கறிக்காரர் லொறியில் கூவிக்கொண்டு போனால் நிறுத்துவோம், அவர் போனபின் தொடர்வோம். டீச்சருக்கு நல்ல ஆறுதலான குரல்.

சில நாள் கழித்து யோகம்மா அக்கா ஃபோன் எடுத்தார். மத்தியானம் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு அவர் பாடத்தைப் போடுகிறாராம். இப்போது அந்தக் குரல் கேட்டால்தான் பிள்ளைகள் தூங்குகிறார்களாம். என்ன பாட்டுப் பாடினாலும் அடங்காத ஒரு வாலுப் பிள்ளைகூட டீச்சர் பேச ஆரம்பித்ததும் விரலைச் சூப்பிக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறதாம். டீச்சருக்கு நன்றி சொல்லிவிடச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். பாடம் நடத்தினவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். டீச்சர் வெகுநேரம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "என்ர பாடத்தில பிள்ளையள் நித்திரை கொள்ளுறது புதுசில்லை, அதுக்கு ஒருத்தி நன்றி சொல்லுறதுதான் புதுசு."

அசையாத கோடு

யார் எவ்வளவு படித்தார்கள் என்று என் லெப்டொப்பில் தெரியும். ஒவ்வொரு ஆயாவின் பெயருக்கு நேரே ஒரு பச்சைக் கோடு, படிக்கப் படிக்க நீளும். மற்றவர்களின் கோடு ஆமை வேகத்திலாவது நகர்ந்துகொண்டிருந்தது. யோகம்மா அக்காவின் கோடு முதல் பாடத்தில் முளைத்தது, அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் தினமும் வருகிறார், தினமும் ஒரு பாடம் முழுதாகப் பார்க்கிறார் என்றும் அதே லெப்டொப்தான் சொல்கிறது, எந்தப் பாடம் என்று மட்டும் சொல்லவில்லை. பழுது மென்பொருளில் என்று இரண்டு நாள் அதைக் குடைந்தேன், ஒன்றும் அகப்படவில்லை. மாதக் கடைசி நெருங்கியது. பெரிய கிளாக்கர் ஃபோன் எடுத்து, அந்தம்மாவுக்குத் தலையில் ஏறவில்லை போலிருக்கிறது, வேறு ஆள் பார்க்கத் துரை சொல்லிவிட்டார் என்றார். அவர் குரலிலும் சந்தோசம் இல்லை.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வழக்கம்போல் செய்யுங்கள் அக்கா, நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மூலையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் தொட்டிலுக்குப் போனதும் டேப்லட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, முதல் பாடத்தைத் தொட்டார். கடைசிவரை ஆடாமல் அசையாமல் கேட்டார். முடிவில் வந்த கேள்விகளுக்கு ஒன்று விடாமல் சரியாக விரல் வைத்தார். திரையில் 'நூறு வீதம்' என்று வந்தது. "இன்னைக்குப் பேரு விழுந்துருச்சு" என்று திருப்தியாகச் சொல்லி, டேப்லட்டைத் துவாயில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். கேட்ட கிலோ வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அதோடு அந்த நாள் முடிந்தது, மறுநாள் பூச்சியத்திலிருந்துதான் ஆரம்பம். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு எல்லாம் அப்படித்தான் எண்ணப்பட்டிருக்கிறது. நூறு வீதம் என்றால் இன்றைக்கு முழுப்பேர், நாளைக்கு மறுபடி முதலிலிருந்து என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாளும் தவறாமல் முதல் பாடத்தில் முழுப்பேர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நேற்று வாங்கிய நூறு அழியாது அக்கா, அது அங்கேயே இருக்கும், நீங்கள் இரண்டாம் பாடத்துக்குப் போகலாம் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏமாற்றுகிறேனோ என்ற பார்வை அது. பிறகு கேட்டார்: "நேத்து எடுத்த கொழுந்த இன்னைக்குக் கொண்டாந்து நிறுக்க ஏலுமா மிஸ்?"

பெரிய கிளாக்கரின் ஸ்வெட்டர்

நான் பையிலிருந்து லெப்டொப்பை எடுத்துத் திறந்தேன். பச்சைக் கோட்டைக் காட்டி, இது உங்களுடையது, நீங்கள் லீவு போட்டாலும் இருக்கும் என்றேன். கரண்ட் போனால்? இருக்கும். மிஸ் வேற கம்பனிக்குப் போய்ட்டா? அப்போதும் இருக்கும் என்றேன், கொஞ்சம் யோசித்துவிட்டு. அவர் அலுமாரியைத் திறந்து டேப்லட்டை மறுபடி வெளியே எடுத்தார். அதன்பின் கோடு ஓடியது பாருங்கள், ஹட்டனில் உட்கார்ந்து நான் அதைக் கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடங்கள் முடிந்து பரீட்சை மட்டும் மிச்சம். பரீட்சைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, இரண்டு வாய்ப்பு. முதல் வாய்ப்பில் பாதி எழுதும்போது ஒரு பிள்ளை வாந்தியெடுத்தது. அவர் டேப்லட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். கழுவித் துடைத்துத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தால், நேரம் முடிந்தது என்று எழுதிவிட்டு மெஷின் மூடிக்கொண்டது. பிள்ளை பார்க்கும் பரீட்சையில் பிள்ளையைப் பார்த்ததற்காக ஃபெயில். இப்படி ஒரு நேரக் கட்டுப்பாட்டைக் கண்டுபிடித்தவர் ஒரு நாளாவது பிள்ளைக்காம்பராவில் இருந்து பார்க்க வேண்டும்.

மாதக் கடைசி நாளில் இரண்டாவது வாய்ப்பு. மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகளை நான் பார்க்கிறேன், என்ன நடந்தாலும் நீங்கள் எழும்பக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். எனக்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒன்று அழ, அதைப் பார்த்து மற்றது அழ, ஒரு தொட்டிலை ஆட்டினால் அடுத்தது கத்துகிறது. பெண்கள் எல்லாரும் மலையில். எழுதிக்கொண்டிருந்த அக்காவின் பாதி உடம்பு ஏற்கெனவே எழும்பிவிட்டது. நான் ஜன்னல் வழியாகப் பக்கத்திலிருந்த தோட்டக் காரியாலயத்தைப் பார்த்துக் கை அசைத்தேன். பெரிய கிளாக்கர் வந்தார். வாசலில் ஒரு நிமிடம் நின்றார், செருப்பைக் கழற்றினார், வந்து அந்த வாலுப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அக்கா உட்கார்ந்தார். அறை மெல்ல அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கிளாக்கர் என் பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல் சொன்னார்: "மிஸ், இது என் ஸ்வெட்டர்ல ஒண்ணுக்குப் போயிருச்சு, சத்தம் போட்றாதீங்க, அந்தம்மா இன்னும் எழுதுறாங்க."

மறுபடியும் முதல் பாடம்

யோகம்மா அக்கா பாஸ். கிளாக்கர் தானே சான்றிதழைப் பிரிண்ட் எடுத்து, லெமினேட் பண்ணி, பிள்ளைக்காம்பராச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அக்காவின் வேலை நிலைத்தது. நானும் வேறு தோட்டங்களின் பிரிண்டர்களுக்குத் திரும்பினேன். யார் எந்தப் பாடம் பார்க்கிறார் என்றும் காட்டும்படி லெப்டொப்பைத் திருத்தி வைத்திருந்தேன். ஆனால் சில வாரம் கழித்து அதைத் திறந்தபோது, அக்கா இன்னும் தினமும் உள்ளே வந்து முதல் பாடத்தைப் பார்க்கிறார் என்று காட்டியது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு சொல்லியும், வாங்கியது போய்விடும் என்ற பயம் இன்னும் போகவில்லையா? பொகவந்தலாவை பஸ்ஸில் நெடுகிலும் அதை வேறு எந்த மாதிரிச் சொல்லி விளங்கவைப்பது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

போய்க் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டார். அது அழியாது என்று எனக்குத் தெரியும், நீங்கள்தான் சொன்னீர்களே என்றார். பிள்ளைகளைத் தூங்கவைக்கவா என்று கேட்டேன். அதற்கு எந்தப் பாடமும் போதும், டீச்சர் குரல்தானே என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் பாடத்தைத் தொட்டார். பவானி டீச்சர் கம்பளிக்கு முன்னால் நின்று கை கூப்பினார். "வணக்கம். நீங்கள் வந்தது எனக்கு மெத்தச் சந்தோசம்" என்றார். அக்கா அவ்வளவோடு டேப்லட்டை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டார். முதல் பாடத்தில் மட்டும்தான் அந்த வார்த்தை இருக்கிறது. டேட்டா மிச்சம் என்று மற்றப் பாடங்களில் வணக்கத்தை வெட்டச் சொன்னது நான்தான். தொட்டிலில் ஒரு பிள்ளை புரண்டு படுத்தது. அதை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு அக்கா சொன்னார்: "இத்தன வருசமா பெரட்டுக்குப் போயிருக்கேன் மிஸ், வந்தது சந்தோசம்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

ஆன்லைன் படிப்பைப் பற்றி எனக்கு இப்போது மிச்சமிருக்கும் ஒரே தொழில்நுட்ப அபிப்பிராயம், டேட்டாவை வேறு எங்கே வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், வணக்கத்தில் மட்டும் பிடிக்காதீர்கள் என்பதுதான்.